சுண்டுவின் காதும் உண்ணிக்கொக்கும்

ஒரு காட்டில், குழந்தைகளே, மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு செந்நாயும் அதன் குட்டி சுண்டுவும் இருந்தன. சுண்டு சரியான வாலு. ஆனால் பாவம், அதன் இரண்டு காதுகளிலும் உண்ணி அப்பிக் கிடந்தது.

செந்நாய்கள் சீழ்க்கையடித்துத்தான் ஒன்றையொன்று கூப்பிடும். பக்கத்தில் நின்று பேசினால் சுண்டுவுக்குக் கேட்கும். உண்ணி காதை அடைத்திருந்ததால் தூரத்துச் சீழ்க்கை கேட்கவே கேட்காது.

"இன்றிலிருந்து பத்தாம் நாள் நம் கூட்டம் அக்கரைக் காட்டுக்குப் போகிறது. வழியெல்லாம் சிறுத்தை! நான் கூப்பிடுவது கேட்காவிட்டால் இவன் கதி என்ன ஆகும்?" என்று தாய் அழுதது.

அதைக் கேட்ட ஒரு குரங்கு மரத்திலிருந்து தொப்பென்று குதித்தது. "பேன் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? ஒரே நிமிஷம்! கரடியண்ணே, இவன் காலை அமுக்கிப் பிடி!"

அந்தப் பக்கமாக வந்த கரடி அமுக்கியது. குரங்கு வெடுக்கென்று பிடுங்கியது.

"ஐயோ, அம்மா!"

சுண்டு திமிறிக் குரங்கின் வாலை நறுக்கென்று கடித்துவிட்டு, முள்புதருக்குள் ஓடி ஒளிந்தது. அதன்பிறகு அம்மா நக்க வந்தாலும் உறுமியது.

தாய் உண்ணிக்கொக்கைத் தேடிப் போய் அழைத்து வந்தது. எருமை முதுகில் சவாரி செய்தபடி உண்ணி பொறுக்கும் பறவை அது. மகா பொறுமைசாலி.

முதல் நாள் கொக்கு ஒரு வெட்டுக்கிளியைச் சுண்டுவின் முன்னால் போட்டுவிட்டுச் சும்மா நின்றது. மறுநாள் அலகால் முதுகை மெல்லத் தொட்டது. உடனே ஒரு வெட்டுக்கிளி கொடுத்தது. மூன்றாம் நாள் காதைத் தொட்டது. சுண்டு தலையைத் திருப்பியதும் நிறுத்திக்கொண்டது.

"இப்படி ஆடி அசைந்தால் எப்போது முடிப்பாய்?" என்று தாய் சிடுசிடுத்தது.

"என்னை நம்பாமல் அவன் காதை நீட்டுவானா, அக்கா?" என்றது கொக்கு.

நான்காம் நாள் ஒரே ஓர் உண்ணியை எடுத்தது. வெட்டுக்கிளியைக் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சிறகை விரித்தது.

"அதற்குள் கிளம்பிவிட்டாயா? இந்தக் காது என்ன பாவம் செய்தது?" என்று சுண்டுவே தலையைச் சாய்த்துக் காட்டியது! தாய்க்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஒன்பதாம் நாள் கடைசி உண்ணியும் போனது. அப்போது சுண்டு கண் சொக்கிப் படுத்திருந்தது.

பத்தாம் நாள் கூட்டம் புறப்பட்டது. சுண்டு ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு பின்தங்கிவிட்டது. பாறைமேல் சிறுத்தை பதுங்கியது. அதைக் கண்ட தாய், தூரத்திலிருந்து ஒரே ஒரு சீழ்க்கை அடித்தது.

சுண்டு ஒரே பாய்ச்சலாக ஓடிவந்து அம்மாவின் கால்களுக்கிடையில் புகுந்தது.

"காது கிழிகிறது அம்மா! கொஞ்சம் மெதுவாக அடிக்கக் கூடாதா?"

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நீதி: அமுக்கிப் பிடித்தால் குட்டி மிரண்டு ஓடும், அன்போடு பொறுமையாகப் பழக்கினால் தானே வந்து நிற்கும்.