காடை முட்டைக்குக் காவல் இருந்தவர்

முன்னொரு காலத்திலே பூவந்திக்கரை என்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றால் என்ன, காலையில் எதன்மேல் ஆசை வருகிறதோ அது சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும் என்பான், அவ்வளவுதான் ஆட்சி. மிச்ச வேலையெல்லாம் மந்திரி காத்தவன் தலையில்.

அந்தச் சபையில் சிங்காரநாதர் என்று ஒருத்தர். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். அதற்குப் பட்டு அங்கவஸ்திரம் என்ன, கன்னத்தில் சந்தனம் என்ன, முறுக்கிய மீசை என்ன! மந்திரி ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனுஷருக்கு வயிறு எரியும். காத்தவனுடைய அப்பா காடை வளர்த்துச் சந்தையில் விற்றவர். "பறவைக் கூண்டு சுமந்தவன் மகன் எனக்கு மேலே உட்காருவதா?" என்று பொருமிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா இருபது சண்டைக்காடை முட்டைகளை அனுப்பிவைத்தான். தாய்க்காடையை அனுப்பவில்லை. நம் ராஜாவுக்கோ குஞ்சுகள் வேண்டும்.

"தாய் இல்லாமலே பொரிக்கலாம், மகாராஜா. இளஞ்சூட்டில் வைத்தால் பதினேழு நாளில் குஞ்சு வரும்" என்றான் காத்தவன்.

சிங்காரநாதர் துள்ளி எழுந்தார். "பிரபு, இவர் சந்தைக்காரர் பிள்ளை! வெளியில் குஞ்சு வாங்கி உள்ளே விட்டுவிட்டு, பொரித்தேன் என்பார். பெட்டி என் வீட்டில் இருக்கட்டும், சாவி என் இடுப்பில் இருக்கட்டும். இவர் ஒரு முட்டையைக்கூடத் தொடக்கூடாது. பொரிக்காவிட்டால் மந்திரி பதவியை எனக்குத் தாருங்கள்!"

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் கொண்டாட்டம். "அப்படியே ஆகட்டும். காத்தவா, பொரிக்காவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விடு. பொரித்தால் நீ கேட்டது கிடைக்கும்."

காத்தவன் முகம் வெளுத்தது. அதைப் பார்த்துச் சிங்காரநாதருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"பெட்டிக்கு அடியில் வெந்நீர்ப் பானையை மட்டுமாவது நான் மாற்றலாமா?"

"மாற்றும் ஓய், தாராளமாக மாற்றும்!" என்றார் சிங்காரநாதர்.

மரப்பெட்டியில் உமி பரப்பி முட்டைகளை அடுக்கியாயிற்று. பூட்டியும் ஆயிற்று. முதல்நாள் பானையை வைத்துவிட்டுக் கிளம்பிய காத்தவன் வாசலில் திரும்பி நின்றான்.

"சிங்காரநாதரே, ஒரே ஒரு வேண்டுகோள். முட்டைகளுக்கு அடிப்பக்கம் மட்டும் பார்த்துவிடாதீர்கள்."

"ஏன், அங்கே என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் மனுஷருக்குச் சோறு இறங்குமா? ஆள் தெருமுனை தாண்டுவதற்குள் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு முட்டையாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. 'இப்போது இல்லை, இனிமேல்தான் ஏதோ வைக்கப்போகிறான்' என்று முடிவு கட்டினார். அவர் மூளை அவ்வளவு கூர்மை! காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, இருபது முட்டையையும் புரட்டிப் பார்ப்பதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. வெற்றிலை மடிக்கக்கூட நேரம் இல்லை. பானை மாற்ற வரும் காத்தவன் அவர் மீசையில் ஒட்டியிருக்கும் உமித்தூசியைப் பார்ப்பான், பானையை மாற்றிவிட்டுப் போவான்.

பதினாலாம் நாள் முடிந்தது. காத்தவன் கைகூப்பினான். "ஐயா, இனிமேல் முட்டைக்கு அடியில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள்."

'ஓகோ, பார் என்கிறானா? அப்படியானால் அங்கே ஒன்றும் இல்லை. சூது பானையில் இருக்கிறது!' என்று சிங்காரநாதர் முட்டைகளை விட்டுவிட்டார். மூன்று நாளும் பானைக்குள் தலையை விட்டுத் தேடினார். முகம் வெந்ததுதான் மிச்சம்.

பதினேழாம் நாள் ராஜா பரிவாரத்தோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மந்திரி கை பட்டதா?"

"அவர் நிழல்கூடப் படவில்லை, பிரபு! என் கையைத் தவிர வேறு கை படவே இல்லை. இது சத்தியம்!" என்று மார்தட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரே கீச்சு கீச்சு. கட்டைவிரல் பருமனில் பதினாறு குஞ்சுகள், உமியைக் கிளறிக்கொண்டு நின்றன.

"சூனியம்!" என்று அலறினார் சிங்காரநாதர்.

"சூனியம் இல்லை, மகாராஜா" என்றான் காத்தவன். "முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். அதனால் தாய்க்காடை அதைப் புரட்டிக்கொண்டே இருக்கும். கடைசி மூன்று நாள்தான் அசைக்காமல் விடும். என்னையோ தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பிறகு தாய் வேலைக்கு வேறு ஆள் பிடித்தேன். பார்க்காதீர்கள் என்றேன், பார்த்தார். பாருங்கள் என்றேன், விட்டுவிட்டார்."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டாம், மகாராஜா."

"கேட்டீரா, ஓய்?" என்று ராஜா சிங்காரநாதரைப் பார்த்தான். "மந்திரி பதவி கிடக்கட்டும். வந்திருக்கிற தாய்ப் பதவியை ஒழுங்காகப் பாரும். ஒரு குஞ்சு குறைந்தாலும் மீசை குறையும்!"

மீசைக்குப் பயந்து மனுஷர் தினை இடித்துப் போட்டார், கரையான் தேடி அலைந்தார், அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக் கதகதப்புக் கொடுத்தார். பதினாறும் பிழைத்தன. இருபது வருஷ உத்தியோகத்தில் சிங்காரநாதர் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று பூவந்திக்கரை முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.