மாற்று என்று ஒரு கட்டளை

ஒரு வீட்டின் கதவு எண்ணைத் திருத்தினார்கள். எண் சரியாக வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்தவர்களைக் காணோம். கதவு வழியாக ஒருவர்கூட வெளியே வரவில்லை. எங்கே போனார்கள்?

மெஹருன்னிசா இதைக் கேட்டபோது அய்யாதுரைக்கு எரிச்சலாக இருந்தது.

"விடுகதை போடுற நேரமா மேடம் இது?"

அய்யாதுரைக்கு வயது நாற்பத்து மூன்று. பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். பள்ளி மூடப்பட்ட பிறகு செல்போன் செயலி எழுதப் பழகினார். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு இருபத்தேழு. மாணவர் குருவை மேடம் என்பார். குரு மாணவரைச் சார் என்பார்.

மலைக் கிராமங்களுக்கு நடந்து போகும் செவிலியர்களுக்காக அய்யாதுரை ஒரு செயலி எழுதியிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. நோயாளிகளின் விவரமெல்லாம் செவிலியரின் போனிலேயே இருக்கும்.

போன வாரம் சலோமி என்ற செவிலியர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர், நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணின் விவரத்தைச் சலோமியின் போனில் பார்த்தார். 'ஒவ்வாமை' என்ற இடம் காலி. பென்சிலின் ஊசி போட்டார். இருபது நிமிடத்தில் அந்தப் பெண் இறந்துபோனார்.

"நான் பதிந்தேன்" என்று சலோமி சொன்னதை யாரும் நம்பவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் பதிந்தாரா, இல்லையா என்று கேட்டுச் சுகாதாரத் துறையிலிருந்து அய்யாதுரைக்குக் கடிதம் வந்திருந்தது. பதில் எழுதாமல் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அவர் கேட்க வந்தது வேறு.

"டேட்டாபேஸுக்கான கட்டளைகளை ஒரு லைப்ரரிதான், வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் நிரல்தான், எனக்காக எழுதுது மேடம். அதை எடுத்துட்டு, எல்லாத்தையும் கையாலேயே எழுதிடட்டுமா?"

கடிதத்தோடு வந்திருந்த சலோமியின் போனை மெஹருன்னிசா கணினியில் இணைத்தார். அது செய்த வேலைகளின் பதிவு திரையில் ஓடியது.

"படிங்க சார். சத்தமா."

"ஜூன் நாலு. நோயாளி 212. ஒவ்வாமை, பென்சிலின். சேர்." இறந்துபோன பெண்ணின் எண் அது. அய்யாதுரை நிறுத்தினார்.

"மேல படிங்க."

"ஜூன் பதிமூணு. நோயாளி 212. புது போன் நம்பர். மாற்று." அவர் நிமிர்ந்தார். "நம்பர் மாறியிருக்கு. மாற்றுன்னுதான் நானும் சொல்லியிருந்தேன். இதுல என்ன தப்பு?"

அவர் பாதி குடித்திருந்த டீ டம்ளரை மெஹருன்னிசா எடுத்துக்கொண்டார். அதே மாதிரி வேறொரு டம்ளரை அதே இடத்தில் வைத்தார்.

"மாத்திட்டேன். குடிங்க."

"காலியா இருக்கு."

"டம்ளர் பளபளன்னு இருக்கே சார். மாத்துன்னுதானே சொன்னீங்க?"

அய்யாதுரை திரையில் அந்த வரியை மறுபடி படித்தார்.

"நம்பரைத் திருத்தல," என்றார் மெல்ல. "லைப்ரரி நோயாளியையே அழிச்சுட்டுப் புதுசா எழுதியிருக்கு. பழைய நோயாளியோட சேர்ந்து ஒவ்வாமையும் போயிடுச்சு. வீட்டை இடிச்சுட்டு அதே இடத்துல கட்டியிருக்காங்க."

"ம்."

"அப்போ கையால எழுதறதுதான் சரி."

மெஹருன்னிசா பழைய கோப்பு ஒன்றைத் திறந்தார். "இது நான் கையால எழுதினது."

"ரத்த வகையை ஓ பாசிட்டிவ் என்று திருத்து." அய்யாதுரை அடுத்த வரியைத் தேடினார். "எந்த நோயாளிக்குன்னு இல்லையே?"

"விட்டுட்டேன்."

"எத்தனை பேருக்கு மாறிச்சு?"

"நானூத்திப் பத்து பேர். எல்லாருக்கும்."

"ஐயோ. யாருக்காவது..."

"கண்டுபிடிக்க மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் யாருக்கும் ரத்தம் தேவைப்படல." கோப்பை மூடினார்.

அய்யாதுரைக்குக் குரல் உயர்ந்தது. "லைப்ரரியும் கொல்லும், கையும் கொல்லும். இப்போ நான் எதைத்தான் மேடம் எழுதறது?"

"கடிதத்துக்குப் பதில் எழுதுங்க."

"எழுதினா என் வேலை போயிடும்."

"போகலாம்."

"சலோமி பொய் சொல்றாங்கன்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்களே."

"இந்தப் பதிவை உங்களையும் என்னையும் தவிர யாரும் படிக்கல சார்."

அய்யாதுரை ஒரு தாளை எடுத்தார். சலோமி பதிந்திருந்தார், என் செயலி அழித்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.