கவுதாரியின் கண்மை வழிந்தது எப்படி

பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு சரிக்குச் சரியாக வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மலைக்கவுதாரிக்கு இன்றைய அழகு எதுவும் கிடையாது. சாம்பல் உடம்பு, சாம்பல் மூக்கு, சாம்பல் கால். பாறைமேல் உட்கார்ந்தால் பாறை எது, பறவை எது என்று தெரியாது. பஷ்தூன் மக்கள் வாழும் மலைநாட்டில் அதை ஸர்கா என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வராது, அது வேறு விஷயம். அவ்வளவு பயந்த பிறவி.

அந்த மலைநாட்டில் ஒரே சரிவில் மேலூர், கீழூர் என்று இரண்டு சிற்றூர்கள் இருந்தன. மேலூருக்குத் தலைவன் தோர்பாஸ். கீழூருக்குத் தலைவன் மேவாஜான். தோர்பாஸின் தங்கை ஷாப்பேரையைத்தான் மேவாஜான் கட்டியிருந்தான். மச்சான் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவில் ஒரு மல்பெரி மரம் வந்து சேர்ந்தது. மரம் நின்றது மேலூர் நிலத்தில். சாய்ந்தது கீழூர்ப் பக்கம். பழமெல்லாம் கீழூரில்தான் விழும். மரம் என்னுடையது, ஆகவே பழமும் என்னுடையது என்றான் தோர்பாஸ். என் மண்ணில் விழுந்தது எனக்குத்தான் என்றான் மேவாஜான். பேச்சு முற்றி, வாளை உருவும் வரைக்கும் போய்விட்டது. ஒரு கூடைப் பழத்துக்காகவா என்று கேட்காதீர்கள். வீம்பு பிடித்தவர்களுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்?

சுற்றுவட்டாரப் பெரியவர்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஜிர்கா என்று அதற்குப் பெயர். நாள் முழுக்கப் பேசியும் இரண்டு பேரும் மசியவில்லை. கடைசியில் பெரியவர்கள் இரண்டு ஊருக்கும் நடுவே, பாதையோரத்தில், ஒரு பெரிய கல்லை வைத்துவிட்டு எழுந்தார்கள். கல் இருக்கும்வரை யாரும் யார்மேலும் கை வைக்கக்கூடாது. மரத்தின் கடைசிப் பழம் உதிர்ந்ததும் கல்லை எடுத்துவிடலாம், அதன்பிறகு உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஷாப்பேரைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்லை எடுத்தால் ஒன்று அண்ணன் சாவான், இல்லை புருஷன் சாவான். இரண்டில் எது நடந்தாலும் அழப்போவது அவள்தானே! பகையைத் தீர்க்க அந்த மக்களிடம் ஒரு வழி இருந்தது. அதற்கு ‘உள்ளே வருதல்’ என்று பெயர். ஒருவன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, வெறுந்தலையோடு பகையாளியின் வீட்டு முற்றத்துக்குள் வந்து நின்றால் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம். வந்தவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் வீட்டுக்காரனுக்குத்தான் மானக்கேடு. ஷாப்பேரை புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தாள், அண்ணனுக்கும் சொல்லி அனுப்பினாள். தலையை வேண்டுமானால் இழப்பேன், தலைப்பாகையைக் கழற்றமாட்டேன் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை!

இப்போது நம் ஸர்காவைப் பார்ப்போம். வருஷா வருஷம் அதன் முட்டைகள் வீணாகிக்கொண்டிருந்தன. ஓர் ஆண்டு நரி தின்றது, மறு ஆண்டு ஆடு மிதித்தது. எங்கே போய் முட்டையிடுவது என்று தவித்துக்கொண்டிருந்த ஸர்கா அந்தக் கல்லைக் கவனித்தது. மனிதர்கள் அதை ஒதுங்கித் தாண்டிப் போனார்கள். ஆடுகளைக்கூட அண்டவிடாமல் விரட்டினார்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? ஸர்கா கல்லின் அடியில் மண்ணைக் கிளறிக் குழி செய்து, முட்டைகளை இட்டு, மேலே உட்கார்ந்துவிட்டது.

கடைசிப் பழமும் உதிர்ந்தது. மேலேயிருந்து தோர்பாஸ் ஆட்களோடு இறங்கினான். கீழேயிருந்து மேவாஜான் ஆட்களோடு ஏறினான். இடுப்பில் வாள் தொங்கியது. இரண்டு பேரும் கல்லில் கை வைக்கக் குனிந்தால், அடியில் ஒரு பறவை! பயத்தில் நடுங்கியது, ஆனால் பறக்கவில்லை.

“ஐயா, நான் அடைக்கலம் வந்தவள்” என்றது ஸர்கா.

அவ்வளவுதான், இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அடைக்கலம் என்று வந்தவரை உயிரைக் கொடுத்தாவது காப்பது அந்த மக்களின் வழக்கம். ஆனால் கல்லை விட்ட கையோடு அடுத்த சண்டையை ஆரம்பித்தார்கள். அவள் என் விருந்தாளி என்றான் தோர்பாஸ். இல்லை, வால் என் பக்கம் இருக்கிறது, என் விருந்தாளி என்றான் மேவாஜான். தலை யார் பக்கம் என்று பார், என்றான் தோர்பாஸ். பாவம், ஸர்கா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது.

“கல் உங்கள் இருவருக்கும் பொது. நானும் இருவருக்கும் பொது விருந்தாளி. விருந்தாளி கண்முன்னே வீட்டுக்காரர்கள் வெட்டிக்கொண்டால் அது யாருக்கு அவமானம்?” என்று கேட்டது.

குஞ்சு பொரிக்கும்வரை கல் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். தோர்பாஸ் காலையில் கோதுமை கொண்டுவந்தான். அதைப் பார்த்த மேவாஜான் உலர்ந்த மல்பெரி கொண்டுவந்தான். தோர்பாஸ் பைன் கொட்டையை உடைத்துக் கொண்டுவந்தான். ஸர்காவுக்கு நகர முடியாத அளவுக்கு வயிறு நிறைந்தது. ஷாப்பேரையும் தினம் வந்தாள். பிள்ளை பிறக்கப்போகும் விருந்தாளியை வெறும் மூஞ்சியோடு விடலாமா? ஊர்ப்பெண்கள் உதடு சிவக்க மெல்லும் அக்ரூட் மரப்பட்டையை ஸர்காவின் அலகில் தேய்த்தாள். காலுக்கு மருதாணி வைத்தாள். கண்ணுக்குத் தாராளமாக மை தீட்டினாள். தீட்டிக்கொண்டே தன் துயரத்தையெல்லாம் சொன்னாள். குஞ்சுகள் மெதுவாகவே வரட்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட நேரத்தில் ஓட்டுக்குள் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

மறுநாள் காலை இரண்டு ஊரும் கூடிவிட்டது. குஞ்சுகள் வெளியே வந்தால் கல்லை எடுத்தாக வேண்டும். அடுப்பில் ரொட்டி வேகிறது என்று சாக்குச் சொல்லி ஷாப்பேரை தன் வீட்டு முற்றத்திலேயே இருந்துவிட்டாள். அந்தக் காட்சியைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஓடுகள் உடைந்தன. கவுதாரிக் குஞ்சு பிறந்த கொஞ்ச நேரத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். மேலே பார்த்தபடி எழுந்த குஞ்சுகள் முதலில் கண்டது தோர்பாஸின் மீசையை. அலறிக்கொண்டு கீழூரை நோக்கி ஓடின. கீழே பார்த்தபடி எழுந்தவை கண்டது மேவாஜானின் மீசையை. அவை மேலூரை நோக்கி ஓடின. அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது.

“என் பிள்ளைகள்!” என்று கதறியது ஸர்கா.

விருந்தாளியின் பிள்ளைகளைப் பருந்து தூக்கிப்போனால் அதைவிடக் கேவலம் வேறு உண்டா? தன்னைக் கண்டு பயந்து ஓடிய குஞ்சுகளின் பின்னால் தோர்பாஸ் தலைகால் தெரியாமல் கீழே பாய்ந்தான். மேவாஜான் மூச்சிரைக்க மேலே ஓடினான். கையால் பிடித்தால் நசுங்கிவிடுமே என்று தோர்பாஸ் தலைப்பாகையைக் கழற்றி விரித்து, ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டான். கடைசிக் குஞ்சு ஒரு வாசலுக்குள் புகுந்தது. அவனும் புகுந்தான். அதையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே அடுப்பருகில் அவன் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

அவன் மேவாஜானின் முற்றத்தில் நின்றான், அதுவும் வெறுந்தலையோடு.

ஷாப்பேரைக்குக் கண் நிறைந்துவிட்டது. “அண்ணா, உள்ளே வந்துவிட்டாயே” என்றாள்.

தோர்பாஸ் தலையைத் தடவிப் பார்த்தான். தலைப்பாகை இல்லை, முடியும் இல்லை. பதறிக்கொண்டு வெளியே ஓடினான். மேலேயிருந்து மேவாஜானும் அதே வேகத்தில் இறங்கிவந்தான். அவன் கையிலும் தலைப்பாகை, அதிலும் கீச்கீச். குஞ்சுகளைத் துரத்தி அவன் புகுந்திருந்த முற்றம் தோர்பாஸுடையது. இருவரும் கல்லருகே முட்டாத குறையாக நின்றார்கள்.

நீதான் என் வீட்டுக்குள் முதலில் வந்தாய், உன்னை மன்னித்தேன் என்றான் ஒருவன். நீதான் முதலில், உன்னை நான் மன்னித்தாயிற்று என்றான் மற்றவன். கடைசியில், எல்லாவற்றையும் பார்த்தவள் நீ, யார் முதலில் என்று சொல் என்று இருவரும் ஸர்காவின் பக்கம் திரும்பினார்கள்.

ஸர்கா அவர்களைப் பார்த்தது. தோர்பாஸின் வழுக்கை வெயிலில் மினுங்கியது. மேவாஜானின் பரட்டை முடியில் ஒரு குஞ்சு ஏறி உட்கார்ந்திருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்த ஸர்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. கக்-கக்-கக்கென்று அடக்க முடியாமல், கண்ணில் நீர் தாரைதாரையாகக் கொட்டச் சிரித்தது. பெண்கள் சிரித்தார்கள். வாள் வைத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தோர்பாஸ் எவ்வளவோ உம்மென்று இருந்து பார்த்தான், முடியவில்லை.

“மச்சான், உன் தலையில் என் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறான்” என்றான்.

“நம் விருந்தாளி, மச்சான்” என்றான் மேவாஜான்.

ஷாப்பேரை ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு ஊரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது. கல்லை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. மல்பெரி மரம் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

மலைக்கவுதாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அலகு சிவப்பு, கால் சிவப்பு, அதெல்லாம் ஷாப்பேரை தீட்டியது. கண்ணிலிருந்து இறங்கிக் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, அது அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வழிந்த மை. யார் முதலில் உள்ளே வந்தார் என்பதை மலைச்சரிவில் நின்று அது இன்றைக்கும் சொல்லப் பார்க்கிறது. பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது.