வடக்குப் பக்கம் உட்கார்ந்த தளபதி

மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன நாடு. அதன் வடக்கு எல்லையில் ஊசிக்கணவாய் என்று ஒரு குறுகலான மலைவழி. அதைக் காப்பது தளபதி நன்மாறனின் பொறுப்பு.

நன்மாறன் தன் தலைமையகத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார். கணவாயில் நிற்கும் ஒவ்வொரு சிப்பாயும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. பல மைல் தள்ளி நிற்கிறவனிடம், "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுப்பா" என்று இங்கிருந்தே சொல்வார். அவனும் தள்ளி நிற்பான். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வீட்டுக்கு வந்த சம்பந்தியைக்கூட முதலில் திரையைக் காட்டத்தான் கூட்டிப்போனார். காபியெல்லாம் பிறகுதான்.

ஒரு நாள் காலையில் எதிரி ஏதோ அலையை அனுப்பி அந்தத் திரையை அணைத்துவிட்டான். வயர்லெஸ்ஸும் ஊமையாகிப்போனது. தளபதிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆயிற்று. மதியம்தான் திரைக்கு உயிர் வந்தது. ஐந்து காவல் சாவடிகளில் புள்ளிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆறாவது சாவடி காலி. அதன் அதிகாரி லெப்டினன்ட் பொற்கொடி, யார் உத்தரவும் இல்லாமல், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே ஆட்டுப்பாதைக்குப் போயிருந்தாள்.

எதிரி வரவில்லை. அணைத்தால் அணைகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

உத்தரவில்லாமல் சாவடியை விட்டவர் சீருடையைக் கழற்ற வேண்டும். அந்தப் படையின் விதி அது. மறுநாள் காலை விசாரணை. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நன்மாறன்தான். என்ன சொல்வது என்பதில் அவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை. அவரை அரித்தது வேறொரு கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டு ஆசான் உமையாளிடம் போனார்.

ஆசானுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு காலத்தில் உமையாள் படைக்கல்லூரியில் இருந்தவர். அங்கே மணலில் மலையும் ஆறும் செய்து போர் விளையாடிப் பார்ப்பார்கள். தளபதி எப்போதும் தெற்கே உட்காருவார், அது நம் பக்கம். வடக்கே எதிரியாக உட்காருவது ஒரு இளநிலை அதிகாரி. பதவி உயர்வு வேண்டுமே, அதனால் அவர் மரியாதையாகத் தோற்றுப்போவார். உமையாளை உட்கார வைத்தபோது அவர் தோற்கவில்லை. அடுத்த முறையும் தோற்கவில்லை. அதற்கடுத்த முறை அவருக்குப் பொன்னாடை போர்த்தி, நல்ல வார்த்தை நாலு சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்மாறன் மட்டும் விடாமல் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்.

அன்று போனபோது ஆசான் முறத்தில் காய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சமையலுக்கு ஆயத்தமாக இருந்தார்.

"வாங்க தளபதி. முகமே சரியில்லையே."

"என் திரையை அணைச்சுட்டாங்க, ஆசானே."

"கேள்விப்பட்டேன்."

"இனிமே அது அணையவே கூடாது. இன்னொரு செயற்கைக்கோள் விடலாம்கிறாங்க. இன்னும் பெரிய கோபுரம் கட்டலாம்கிறாங்க. எதைச் செஞ்சா என் கண்ணு எப்பவும் திறந்திருக்கும்? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"எந்தப் பொண்ணு?"

"சாவடியை விட்டுப் போனாளே."

நன்மாறனின் முகம் இறுகியது. "நாளையோட அவ படையில இல்லை."

"ஏன் போனான்னு கேட்டீங்களா?"

"ஏன் போனேன்னு கேக்க விதியில இடமில்லை. போனியா இல்லையான்னுதான் கேக்கணும். போனேன்னு அவளே ஒத்துக்கிட்டா." அவர் குரல் உயர்ந்தது. "அவமேல எனக்குக் கோபமில்லை, ஆசானே. நல்ல பொண்ணுதான். மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆளாளுக்குக் கால் போன போக்குல போனா அது படையா, தேர்த்திருவிழாவா?"

"நியாயமான கேள்வி" என்றார் ஆசான். "ஒரு ஆட்டம் போடலாமா?"

முறத்தில் இரண்டு பீர்க்கங்காய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடுவே குறுகலாக ஒரு வழி. அதன் ஓரமாக ஆறு சுண்டைக்காய்களை வைத்தார். நன்மாறனுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அங்கே இல்லை, தளபதி. இந்தப் பக்கம்."

"இது வடக்காச்சே."

"ஆமா. இன்னைக்கு நான் தெற்கே உட்கார்ந்துக்கறேன்."

இத்தனை வருடப் படைவாழ்க்கையில் அவர் வடக்கே உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தபோது அவருடைய கணவாயே அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஆர்வமாகக் குனிந்து பார்த்தார்.

"திரையை அணைச்சுட்டீங்க" என்றார் ஆசான். "இப்போ உள்ளே வாங்க."

நன்மாறன் முதல் சுண்டைக்காயைச் சுட்டினார். "இவங்களுக்கு ஓடை தெரியாது. பாறை மறைக்கும். ஓடையோட வந்தா தாண்டிடலாம்."

"அவங்க ஓடைப் பக்கம் நகர்ந்திருந்தா?"

"நகர மாட்டாங்க. உத்தரவு வரலையே."

அவர் விரல் மளமளவென்று முன்னேறியது. இரண்டாவதைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே புகுந்தது. ஐந்தாவதன் முதுகுப்பக்கம் ஏறியது. சின்னப் பிள்ளைக்கு வரும் உற்சாகம் அவருக்கு வந்துவிட்டது.

"இந்த ஐஞ்சு பேரும் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை, ஆசானே. எங்கே நிப்பாங்கன்னு தெரியும். கண்ணை மூடிக்கிட்டு வரலாம்!"

அப்போது ஆசான் ஆறாவது சுண்டைக்காயை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

விரல் நின்றது.

"அது எங்கே போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தெற்குத் தளபதி. என் திரை அணைஞ்சு கிடக்கு."

நன்மாறன் முறத்தையே பார்த்தார். ஆட்டுப்பாதையில் இருப்பாளோ? அப்படியானால் மேட்டு வழியே போகலாம். மேட்டில் இருந்துவிட்டால்? பாலத்துக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்தால்? விரலை ஒரு பக்கம் கொண்டுபோனார், பின்னால் இழுத்தார். இன்னொரு பக்கம் கொண்டுபோனார். அதையும் இழுத்துக்கொண்டார்.

"முதல்ல நாலு பேரை வேவு பார்க்க அனுப்புவேன்."

"அனுப்புங்க. அதுக்குள்ள என் திரை வந்துடும்."

"பெரிய படையா ஒரேயடியா இறக்கினா..."

"இந்தக் குறுகல்லயா?"

நன்மாறனுக்கு நெற்றி வியர்த்தது. ஆட்டம் என்பதே மறந்துபோயிற்று. அவருக்குச் சும்மாவே தோற்கப் பிடிக்காது. இப்போதோ ஒரு சுண்டைக்காயிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

"சே!" என்று தொடையில் தட்டினார். "மத்த அத்தனையும் கைக்குள்ள இருக்கு. இவ ஒருத்தியை மட்டும் எப்படியாவது அங்கேர்ந்து கிளப்பிட்டா போதும், ஆசானே. கணவாய் என்னோடது!"

ஆசான் கையைத் திறந்தார். சுண்டைக்காயை முறத்துக்கு வெளியே, தரையில் வைத்தார்.

"அதுக்கு நீங்க ஏன் சிரமப்படணும்? நாளைக்குக் காலையில விசாரணை வெச்சிருக்கேன். நானே அனுப்பிடறேன்."