முயலுக்குத் தம்பி இல்லை

வடிவு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் வாத்தியார் வேலைக்குப் படித்தாள். பயிற்சிக்கு அவளை அமலோற்பவம் டீச்சரிடம் அனுப்பினார்கள். வயதில் டீச்சர்தான் சின்னவர். அதனால் அவர் இவளை "அக்கா" என்பார். இவளுக்கோ அவர் குரு. மறந்தும் பேர் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கு வடிவு ஒரு நோட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், உவமை நடத்துறேன். எல்லாப் பிள்ளைகளும் சொல்லுதுக. இந்தப் பேச்சி மண்டையில மட்டும் ஏற மாட்டேங்குது."

"என்ன எழுதியிருக்கா?"

"யானை எதைப் போல வந்ததுன்னு கேட்டேன். மலை போலன்னு எழுதணும். இவ, எங்கப்பா போலன்னு எழுதியிருக்கா. கொழுப்பு. தப்புன்னு போட்டு, பக்கம் நிறைய மலை போல, மலை போலன்னு எழுதச் சொல்லிட்டேன். எப்படி டீச்சர் இவளுக்குப் புரியவைக்க?"

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேச்சி படிக்கும் மூன்றாம் வகுப்புக்குள் போனார். வடிவும் பின்னாலேயே போனாள். தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தார்.

வாழைத் தோப்பு. நல்ல இருட்டு. ஒரு யானை வருகிறது. குழிக்குள் ஒரு முயல்குட்டி தனியாகப் பதுங்கிக் கிடக்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

"யானை எது மாதிரி வந்துச்சு?"

"லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி."

"எங்க ஆச்சி குறட்டை மாதிரி."

வகுப்பே சிரித்தது. பேச்சி மட்டும் வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"நீ சொல்லுட்டி. யாரும் ஏச மாட்டாங்க" என்றார் டீச்சர்.

"எங்கப்பா வீட்டுக்கு வர்ற மாதிரி."

"ஏட்டி, ஒங்கப்பாவுக்குத் தும்பிக்கை இருக்கா?" என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு.

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப முயல் என்ன பண்ணுச்சு?"

"அடுப்புக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிடுச்சு. மூச்சே விடல. தம்பி அழுதுரக் கூடாதுல்லா, அவன் வாயப் பொத்திக்கிடுச்சு."

சிரிப்பு நின்றுபோனது.

வடிவு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். கதையில் அடுப்பு இல்லை. முயலுக்குத் தம்பியும் இல்லை.

பேச்சியின் நோட்டு இன்னும் அவள் கக்கத்தில்தான் இருந்தது. அதைப் பிரித்தாள். சிவப்பு மையில் அவள் போட்ட பெருக்கல் குறி. கீழே, பக்கம் நிறைய, பிள்ளையின் குண்டு குண்டு எழுத்தில் மலை போல, மலை போல.

சாயங்காலம் பள்ளி விடும் மணி அடித்ததும் வடிவு டீச்சரிடம் வந்தாள்.

"நான் தப்புன்னு போட்டுட்டேன் டீச்சர்." "இனிமே அவளுக்கு நான் என்ன நடத்த?"

டீச்சர் பக்கத்தில் நின்ற பேச்சியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு கையால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செருப்பப் போடுங்கக்கா. இவ வீடு வரைக்கும் போய் யானையப் பாத்துட்டு வருவோம்."