முதல் தாளுக்கு மை

வடக்கே, கருவாலி மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் ஒரு தமிழ் மடம் இருந்தது. அங்கே தில்லைவிடங்கன் என்றொரு சீடர். குருவான குழந்தைவேல் அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். தலைக்கனமும் கொஞ்சம் கூடத்தான்.

ஒற்றைப் பாட்டுக்கு ஒன்பது வருடம் உட்கார்ந்து உரை எழுதி முடித்திருந்தார். இருநூறு தாள். முதல் தாளில் பெயர் மட்டும் பாக்கி. அந்த மடத்தில் யார் நூல் எழுதினாலும் குருவின் பெயரைத்தான் போடுவார்கள். கருவாலி மரத்தில் காய்க்கும் மாசிக்காயை இடித்து, அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து, எழுதியவரே காய்ச்சிய மையில் அதை எழுத வேண்டும்.

மூன்று நாளாயிற்று. தில்லைவிடங்கன் மை காய்ச்சவே இல்லை.

"என்ன ஓய், மை ஆச்சா?" என்றார் அடிகள்.

"மாசிக்காய் தீர்ந்துபோச்சு சாமி."

"மலை பூரா காய்ச்சுக் கிடக்கே. போய்ப் பறிச்சுட்டு வாரும். ஓட்டை விழுந்தது வேண்டாம். குளவி வெளியேறின காயில சாரம் குறைச்சல்."

துண்டு நிறையப் பறித்து வந்து குருவின் முன்னால் கொட்டினார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"சாமி, அந்தத் தாள்ல என் பேர் இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஆசைப்படுறதுக்கு வெட்கமாவும் இருக்கு."



அடிகள் ஒரு காயை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார். நடுவில் எள்ளளவு வெள்ளைப் புழு நெளிந்தது.

"இது யார் செஞ்ச காய்?"

"குளவி செஞ்சது. மொட்டுல கொட்டி முட்டை வைக்குது. அந்த இடம்தான் இப்படிப் புடைக்குது."

"கொட்டிட்டு, கூடவே இருந்து வளர்த்துச்சா?"

"இல்ல சாமி. அது அப்பவே பறந்துடும்."

"அப்புறம்?"

"மரம்தான்... மாசக்கணக்குல தன் சாறை ஊத்தி..."

"குளவி கொட்டாத மொட்டுல இது காய்க்குமா?"

"காய்க்காது."

"சரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால இந்தப் பாட்டைப் பத்தி உமக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

தில்லைவிடங்கன் யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. பொருள் தெரியுமான்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. நல்லாத் தெரியும்னேன். நீங்க சிரிச்சீங்க."

"வலிச்சுதோ?"

"இன்னும் வலிக்குது சாமி."

அடிகள் இப்போதும் அதே சிரிப்பைச் சிரித்தார். பிறகு, இடிக்கும் கல்லுரலைச் சீடர் பக்கம் நகர்த்தினார்.

"நான் செஞ்சது அவ்வளவுதானே ஓய்? ஒரு சிரிப்புக்கு இருநூறு தாள்ல பேர் போட்டுக்கச் சொல்றீரா? காயை இடியும். உம்ம பேரைப் பெரிய எழுத்தா எழுதும். நான் எட்ட நின்னு பார்த்தாலும் தெரியணும்."