எதிரே நின்று பாடும் பாட்டு

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்று வக்கீலைக் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார். வியாசர்பாடி மைதானத்தில் நடந்ததற்கு அந்தப் பதில் உதவாது. ஆகவே வக்கீலை உட்கார வைத்துவிட்டு, நடந்ததைக் கேளுங்கள்.

டைட்டஸுக்கு அறுபது வயது. கோபம் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. இளமையில் ரயில்வே காலனியில் ஒரு ராக் குழுவில் கிடார் வாசித்தவர். அந்தக் காலத்து நண்பர் வேதநாயகம், ஊர் வாயில் வேதா, தீப்பொறி அணியின் கோல்கீப்பர். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், உருண்டு வந்த பந்து வேதாவின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போய்விட்டது. கோப்பை போயிற்று. வேதா மூன்று வாரம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் டைட்டஸ் கிடாரோடு அவர் வீட்டுக்குப் போனார். நண்பனுக்காகவே கட்டிய மெதுவான பாட்டு ஒன்றைப் பாடினார். “எல்லோரும் போய்விட்டார்கள், வலை மட்டும் ஆடுகிறது” என்று தொடங்கும். மூன்று சரணங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சோகம். அவை முடிந்த பிறகுதான் குரல் உயரும்: “நில், தலை நிமிர்ந்து நில், இந்த மைதானம் உன்னுடையது.” எல்லோரும் போய்விட்டதால் மைதானம் தோற்றவனுக்கே மிச்சம் என்பது பொருள்.

வேதா அழுதார். இந்தப் பாட்டை வைத்து ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்குமோ என்று பயந்தார். இதைக் கொண்டு யாரும் உன்னைத் தலைகுனிய வைக்க விடமாட்டேன் என்று டைட்டஸ் வாக்குக் கொடுத்தார். பாட்டு எழுதிய ஒரே தாளையும், பாடிப் பதிந்த ஒரே கேசட்டையும் அங்கேயே வைத்துவிட்டு, அடுத்த வாரம் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார். அவருடைய குழுவினர்கூட அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

பதினொரு வருடம் கழித்துத் திரும்பியபோது மைதானமே அதைப் பாடிக்கொண்டிருந்தது. சரணங்களைக் காணோம். கடைசி வரி மட்டும் இருந்தது, அதிலும் ‘உன்னுடையது’ போய் ‘எங்களுடையது’ வந்திருந்தது. தீப்பொறி ஜெயித்தால் ரசிகர்கள் தோற்ற அணியின் எதிரே போய் நின்று பாடுவார்கள். பாட்டு முடியும்வரை தோற்றவர்கள் வரிசை கலையாமல் நிற்க வேண்டும். அதுதான் அங்கே முறை.

டைட்டஸுக்கு ரத்தம் கொதித்தது. அதன்பின் அவர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. வேதாவிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழைய காயத்தைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டார்.

இந்த வருடம் போனார். வேதா இப்போது காசிமேடு அணியின் பயிற்சியாளர். முதல்முறையாக அவருடைய பிள்ளைகள் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள், எதிரணி தீப்பொறி. காசிமேடு இரண்டு கோலில் தோற்றது.

தீப்பொறி ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி ஷீபா. முப்பது வயதுகூட ஆகவில்லை. கழுத்தில் டிரம், கையில் மைக். கூட்டத்தை அழைத்துக்கொண்டு தோற்றவர்களின் எதிரே வந்து நின்றாள். அந்த வரிசையின் கோடியில் வேதாவும் நின்றார், நரைத்த தலையோடு, அன்று நின்ற அதே கோல்கம்பத்தின் பக்கம். பாட்டு தொடங்கியது.

டைட்டஸ் வேலியைத் தாண்டிக் குதித்தார். நேரே ஆம்ப்ளிஃபயரிடம் போய் வயரைப் பிடுங்கினார்.

“இது அழுதுட்டிருந்த ஒருத்தனுக்கு நான் எழுதின பாட்டு. அதை எடுத்து அவனையே அடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

ஷீபா அசரவில்லை. “எழுதினது நீங்கதான் அங்கிள், யாரு இல்லன்னது? எங்கப்பாவை அடக்கம் பண்ணப்போ இதைத்தான் பாடினோம். அன்னிக்கு வந்து வயரைப் பிடுங்கினீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஷீபா செத்த மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, டிரம்மைத் தட்டி, வெறுந்தொண்டையில் பாட்டை மறுபடி எடுத்தாள். அவமானம் தாங்காமல் காசிமேட்டு வீரர்கள் வரிசையைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர்களைத் தடுத்தது வேதா.

“எவனும் நகரக் கூடாது. முழுசாக் கேட்டுட்டுப் போலாம்.”

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரும் நின்றார். டைட்டஸ் நண்பனையே பார்த்தார். கூட்டம் பாடி முடித்து ஆரவாரம் செய்யத் தொடங்கியது. வேதாவின் உதடுகள் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவர் டைட்டஸின் பக்கம் திரும்பவே இல்லை. யாருக்காக வேலி தாண்டினாரோ அவனே தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று டைட்டஸ் பொருமிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

வாக்கைக் காப்பாற்றப் பாட்டை நிறுத்தினார் டைட்டஸ். நிறுத்திய பாட்டை மறுபடி எடுத்தாள் ஷீபா. அதன் எதிரே தன் பிள்ளைகளை நிற்க வைத்தார் வேதா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேதா செய்ததே சரி. தாளும் கேசட்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. அப்படியானால் பாட்டை மைதானத்துக்குக் கொண்டுபோனது யார்? தோற்றதற்கு அடுத்த வருடம் தீப்பொறி ஜெயித்தபோது, எதிரணியின் கோல்கீப்பர் வலைக்குள் குப்புறக் கிடந்தான். வேதா அவன் எதிரே போய் நின்று, மூன்று சரணங்களையும் சுருதி சேராமல் பாடினார். ஓடிவந்த கூட்டத்தின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டுமே. எதிரே நின்று பாடுகிற முறை ஆறுதலாகப் பிறந்தது. ஷீபாவுக்கு அதில் உரிமை உண்டு, அவளிடம் இருப்பது பாட்டின் வால் மட்டும்தான் என்றாலும். டைட்டஸின் கோபம் நியாயமானது; இருபது வருடமாக நண்பனிடம் ஒரு கேள்வி கேட்காததுதான் அவர் பிழை. மறுநாள் வேதாவே வந்து எல்லாவற்றையும் சொன்னார். அதைக் கேட்டும் டைட்டஸ் தணியவில்லை. “மூணு சரணத்தையும் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு கோல்கீப்பரா?” என்று கத்தினார். பிறகு, அந்த டிரம் அடிக்கிற பெண்ணின் வீடு எங்கே என்று கேட்டு, கிடாரை எடுத்துத் தூசி தட்டினார்.